அப்பாவிடம் பணம் இருக்கிறது, தரமாட்டார்

1965 நவம்பர் 8. உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திடுவதற்காக அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் டெக்சாஸ் மாநிலத்தின் சான் மார்கோஸ் ஊருக்கு வந்திருந்தார். அவர் படித்த கல்லூரி அங்கேதான் இருக்கிறது. 75 டாலர் கடனோடு படிக்க வந்தவர் அவர்; தரை கூட்டினார், காலுறை விற்றார். கல்லூரித் தலைவரின் கார் ஷெட்டுக்கு மேலே இருந்த சின்ன அறையில் தங்கிக்கொண்டு, குளிக்கவும் சவரம் செய்யவும் தெருவில் சற்றுத் தள்ளியிருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வந்தார். அறையில் ஆள் இருப்பதே நிர்வாகிக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும் பில்லை நீட்டிவிட்டார். அன்றைய உரையில் ஜான்சனே சொன்ன கதை இது.

பணமில்லாத வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. வீட்டில் பணம் இருந்தும் பெற்றவர்கள் கையை விரித்துவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போவது? அமெரிக்கக் கல்வி உதவி முறை அன்றிலிருந்து இன்றுவரை தட்டிக்கழித்து வரும் கேள்வி இது.

அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பு அந்தக் கேள்வி எழவே இல்லை. 1944-இல் வந்த போர்வீரர் நலச் சட்டம், போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வருஷத்துக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், மணமாகாதவருக்கு மாதம் 50 டாலர் கைச்செலவும் கொடுத்தது. அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்று யாரும் விசாரிக்கவில்லை. சுமார் 22 லட்சம் பேர் அந்தப் பணத்தில் கல்லூரிக்குப் போனார்கள்.

அப்பாவின் வருமானம் கணக்குக்குள் நுழைந்தது 1950-களில். அப்போது பெரிய கல்லூரிகள் கெட்டிக்கார மாணவர்களைப் பிடிக்க, ஏலம் கேட்பதுபோல உதவித்தொகையை ஏற்றிக்கொண்டே போயின. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அதை அள்ளிச் சென்றார்கள். ஹார்வர்டில் உதவித்தொகையைக் கவனித்துவந்த ஜான் மன்றோ இதற்கு ஒரு சூத்திரம் வகுத்தார்: குடும்பத்தின் வருமானம், சொத்து, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்த்து, பெற்றோரால் எவ்வளவு தர முடியும் என்று கணக்கிடுவது, குறைகிற தொகையை மட்டும் கல்லூரி கொடுப்பது. 1954-இல் கல்லூரிகளின் கூட்டமைப்பான காலேஜ் போர்டு இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியது. ‘பெற்றோரின் ரகசிய அறிக்கை’ என்ற படிவம் வீடு வீடாகப் போனது.

மன்றோவின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. பணக்காரப் பிள்ளைக்குப் போன காசு ஏழைப் பிள்ளைக்குப் போகட்டும் என்று நினைத்தவர் அவர். பின்னாளில் ஹார்வர்டை உதறிவிட்டு, அலபாமாவில் கறுப்பின மாணவர்கள் படித்த மைல்ஸ் கல்லூரிக்குக் கற்பிக்கப் போனார். ஆனால் அவருடைய சூத்திரம் பெற்றோரால் தர முடிந்ததைத்தான் கணக்கிட்டது. அவர்கள் தந்தார்களா என்பது அதன் கவலை அல்ல.

1972-இல் மத்திய அரசே நேரடி மானியம் தரத் தொடங்கியபோது சிக்கல் பெரிதானது. வீட்டோடு ஒட்டு உறவில்லாமல் சொந்தக் காலில் நிற்பவர் என்று காட்டினால், பெற்றோர் வருமானத்தைச் சேர்க்காமல் உதவி பெறலாம். அப்படியானால் வசதியுள்ளவர்களும் பிள்ளையைக் காகிதத்தில் மட்டும் கழற்றிவிட்டு அரசுப் பணத்தை வாங்கிவிட மாட்டார்களா என்ற பயம் பிறந்தது. 1986-இல் 24 வயது என்ற கோடு போடப்பட்டது. அதற்குக் குறைந்தவர்கள் தங்கள் சம்பாத்தியத்தில் வாழ்வதாக நிரூபிக்க இருந்த வழியும் 1992-இல் அடைபட்டது.

கல்வித் துறையின் வழிகாட்டுதல் இன்றும் கறாரானது. பெற்றோர் காசு தர மறுப்பது, அரசு உதவிக்கான படிவத்தை நிரப்ப மறுப்பது, மாணவர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வது: இவற்றில் எதுவும் விலக்குப் பெறப் போதாது. படிவத்தில் பெற்றோர் விவரம் இல்லையென்றால் மானியம் கிடையாது. படிக்கும்போதே வட்டி ஏறும் கடன் மட்டும் கிடைக்கலாம். முதல் வருஷத்துக்கு அது அதிகபட்சம் 5,500 டாலர்.

கோர்ட்டுக்குப் போனால்? பிரிந்த பெற்றோர் கல்லூரிச் செலவில் பங்கு தரவேண்டி வரலாம் என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. பென்சில்வேனியாவில் இதே நோக்கத்தோடு வந்த சட்டத்தை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1995-இல் ரத்து செய்தது. சேர்ந்து வாழும் பெற்றோருக்கு இல்லாத கடமையைப் பிரிந்தவர்கள் தலையில் மட்டும் கட்டுவது எப்படி நியாயம் என்பது அதன் வாதம். ஆக, நியூ ஜெர்சியில் அப்பா அம்மா விவாகரத்து செய்திருந்தால் பிள்ளைக்கு ஒரு பிடி உண்டு. பென்சில்வேனியாவில் அதுவும் இல்லை.

கட்டணமே இல்லாத கல்லூரிக்குப் போனால்? கென்டக்கி மாநிலத்து பெரீயா கல்லூரி 1892 முதல் கட்டணமே வாங்குவதில்லை. பதிலுக்கு ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்யவேண்டும். அங்கே மாணவர்கள் கட்டும் துடைப்பங்கள் விற்பனைக்கும் போகின்றன. கேட்டதும் மூட்டை கட்டத் தோன்றும். ஆனால் அங்கேயும் குடும்ப வருமானம் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். கொடுக்காத அப்பாவின் சம்பளம் அந்த வாசலிலும் முன்னால் வந்து நிற்கும்.

மிச்சமிருக்கும் வழிகளைச் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. ராணுவத்தில் பணியாற்றியவர், மணமானவர், தான் தாங்கவேண்டிய பிள்ளை உள்ளவர் போன்றோரிடம் பெற்றோர் வருமானம் கேட்கப்படாது. இவற்றில் எதிலும் அடங்காத 18 வயதுக்காரர் மலிவான சமுதாயக் கல்லூரியில் ஒன்றிரண்டு பாடம் எடுத்துக்கொண்டு, வேலை பார்த்தபடி, 24 வயது ஆகும்வரை காத்திருக்கிறார்.