நோயாளியே கேள்வித்தாள்: புதுவையில் வைத்தியம் கற்பித்த வரலாறு

கடலூர் சாலையில் தவளக்குப்பத்திலிருந்து தெற்கே போனால் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள். வடக்கே புதுவை நகரைக் கடந்தால் கோரிமேட்டில் ஜிப்மர். இருபுறமும் வைத்தியம் கற்பிக்கும் கூடங்கள் சூழ வாழும் கிராமத்தார் நாட்டில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அங்கே கட்டிலில் படுத்தபோது, ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, ஒரு பள்ளிக்கூடத்திலும் படுத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் கதையை இம்மலரில் எழுதி வைப்பது தகும்.

அது பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்குகிறது. 1823-ஆம் ஆண்டு புதுவையில் 'எக்கோல் தெ மெத்சின்' என்னும் மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. ஜிப்மர் தன் வயதை அந்த ஆண்டிலிருந்தே எண்ணி, 2023-இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. பிரெஞ்சுக் கடற்படையையும் குடியேற்ற நாட்டுப் படையையும் சேர்ந்த வைத்தியர்களே அங்கு ஆசிரியர்கள். பாடமும் பரீட்சையும் பிரெஞ்சு மொழியில். நோயாளியோ வயிற்றுவலியைத் தமிழில்தான் சொல்வார். இரண்டுக்கும் நடுவே நின்ற மாணவன் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகித்துக் கொள்ள வேண்டியதுதான்.

இந்த மொழிச் சிக்கலுக்கு அதே நூற்றாண்டில் கடலுக்கு அப்பால் ஒருவர் வேறு விடை கண்டார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் பின்னர் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, ரண வைத்தியம், பிரசவ வைத்தியம், ரசாயனம் ஆகியவற்றுக்குத் தமிழ் நூல்களை உருவாக்கினார். அந்த வழியைப் புதுவையும் பின்பற்றவில்லை, சென்னையும் பின்பற்றவில்லை. நமக்கு அது நஷ்டமே என்பது இவ்வெளியேனின் எண்ணம்.

1954-இல் புதுவை இந்தியாவோடு இணைந்தது. 1956-இல் ஊருக்கு வெளியே புதிய மருத்துவக் கல்லூரிக்குப் பிரான்சு நாட்டுத் தூதரே அடிக்கல் நாட்டினார். 1964 ஜூலை 13 அன்று குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஜவகர்லால் நேருவின் பெயரைத் தாங்கிய அதுவே ஜிப்மர்.

இனி, மாணவரைச் சோதிக்கும் முறைக்கு வருவோம். இதில்தான் நம்மவர்களின் பங்கு பெரிது. எம்.பி.பி.எஸ். பரீட்சையில் எழுத்துத் தாள் ஒரு பாதி என்றால், மறு பாதி நோயாளியின் கட்டிலருகே நடக்கிறது. 'லாங் கேஸ்' என்பார்கள். மாணவர் ஒரு நோயாளியிடம் நெடுநேரம் வரலாறு கேட்டு, நாடி பிடித்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, என்ன நோய் என்று தேர்வாளரிடம் கூற வேண்டும். பிறகு குறுக்கு விசாரணை. பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ வந்து படுத்திருக்கும் ஒரு விவசாயத் தொழிலாளிதான் அந்தப் பரீட்சையின் கேள்வித்தாள்! ஒரே கதையை அடுத்தடுத்து வரும் மாணவர்களுக்குச் சலிக்காமல் சொன்ன அவருக்குப் பட்டமளிப்பு விழாவில் நாற்காலி கிடையாது.

இந்த முறையில் ஒரு குறையும் இருந்தது. ஒருவருக்கு எளிய நோய் வாய்க்கும். மற்றொருவருக்குக் கடினமான நோய் வாய்க்கும். மேலும், மாணவர் நோயாளியிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதைத் தேர்வாளர் பெரும்பாலும் கண்டதில்லை. முடிவில் அவர் சொன்ன விடையைத்தான் கேட்டார்.

1975-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பேராசிரியர் ரொனால்டு ஹார்டனும் அவரது துணைவர்களும் புதிய தேர்வு முறையை வெளியிட்டார்கள். மாணவர்கள் வரிசையாகப் பல மேசைகளுக்குச் செல்வார்கள். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களில் ஒரு வேலையைச் செய்து காட்ட, தேர்வாளர் முன்கூட்டி எழுதிய பட்டியலைப் பார்த்து மதிப்பெண் இடுவார். எல்லோருக்கும் ஒரே கேள்விகள். அதே ஆண்டில் ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் உருவாயிற்று. பல மாநிலங்களிலிருந்து மருத்துவப் பேராசிரியர்கள் புதுவைக்கு வந்து, எப்படிக் கற்பிப்பது, எப்படிச் சோதிப்பது என்று தாங்களே மாணவராய் அமர்ந்து படித்தார்கள். பெரிய வைத்தியர் என்பதாலேயே ஒருவர் நல்ல வாத்தியாராகிவிட மாட்டார் என்பதை ஒப்புக்கொள்ளப் பணிவு வேண்டும்.

வகுப்பறையும் வார்டும் போதா என்று கிராமத்திலும் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி டாக்டர்களுக்காக இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமச் சுகாதார நிலையம் இருப்பதை வில்லியனூர்ப் பக்கத்து மக்கள் நன்கு அறிவர்.

2019-இல் நாடெங்கும் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. 'படித்தாயா' என்பதோடு 'செய்யத் தெரியுமா' என்றும் கேட்பது அதன் சாரம். குறிப்பிட்ட சிகிச்சை முறைகளை மேற்பார்வையில் செய்து, பதிவேட்டில் ஆசிரியரின் கையெழுத்துப் பெற வேண்டும். நோயாளியிடம் பேசும் பண்பும் அறநெறியும் பாடமாயின. அதன்பின் வந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, படிப்புக் காலத்தில் அவ்வப்போது சென்று அவர்கள் உடல்நலம் விசாரிக்க வேண்டும்.

ஆகவே வெள்ளை கோட்டும் குறிப்பேடுமாக ஓர் இளைஞர் வாசலில் வந்து நின்றால் வியப்பில்லை. வெளிமாநிலத்துப் பிள்ளையாக இருந்தால் தமிழ் கொஞ்சம் தடுமாறும். சிரிக்காமல் திருத்திக் கொடுக்கலாம். "தம்பி, எந்தக் காலேஜ், உங்க வாத்தியார் யார்?" என்று தாராளமாகக் கேட்கலாம். உடம்பைத் தொட்டுப் பார்க்க விருப்பமில்லையேல் வேண்டாமென்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. அதனால் நமக்குரிய சிகிச்சை குறையக் கூடாது. பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாரா, கை கழுவினாரா, சம்மதம் கேட்டாரா என்பதெல்லாம் இன்றைய தேர்வுப் பட்டியலில் மதிப்பெண் உள்ளவை.