லயத்து அடுப்பின் ரொட்டிக்கல்

வரலாறு என்றவுடன் கோட்டைகளையும் கல்வெட்டுகளையும் நினைப்பது நம் வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு கல்லைப் பற்றியதே. ஆனால் அதில் எழுத்து ஒன்றும் இல்லை. ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் லயத்து அடுப்பின்மேல் இருக்கும் ரொட்டிக்கல்லைத்தான் சொல்கிறேன். பெயர்தான் கல், பொருள் இரும்பு.

கோதுமை ரொட்டி மலையகத் தமிழரின் பரம்பரை உணவு என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள், சோறும் கேழ்வரகும் கம்பும் உண்டு வளர்ந்தவர்கள். தோட்டத்திலும் அவர்களுக்கு அளக்கப்பட்டது அரிசியே. அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. அவ்வரிசியும் பெரும்பாலும் இந்நாட்டில் விளைந்ததன்று. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய புகையிரதம் தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டு சென்றது. அரிசி மூட்டைகளை மேலே கொண்டு வந்தது.

1942 மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசி குறைந்த இடத்தைக் கடல் கடந்து வந்த கோதுமை மா நிரப்பியது. பட்டணத்தாருக்கு அம்மா பாணாகக் கிடைத்தது. லயத்தில் போறணை ஏது? ஓர் அறை, ஓர் அடுப்பு, ஈர விறகு, ஓர் இரும்புத் தட்டு. ஆகவே அங்கே மா ரொட்டியாயிற்று. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பேர் போடப்படுமுன் குடும்பத்துக்கு உணவு சமைக்க வேண்டிய பெண்ணுக்கு அதுவே கைகொடுத்தது. துணியில் சுற்றி எடுத்துச் சென்றால், மலையில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, சம்பலோடும் தேத்தண்ணீரோடும் உண்ணலாம்.

இரும்புக்கல்லின் குணத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும்; ஏறிய சூட்டை எளிதில் விடாது. விறகு நெருப்பு ஓங்கினாலும் அடங்கினாலும் கல்லின் சூடு அதிகம் மாறுவதில்லை. மேலும், நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால், அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் செல்லும். காய்ந்த இரும்புக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் மலைநாட்டு மூடுபனி இரும்புக்குப் பகை. புதுக்கல்லைப் பழக்க வேண்டும். எண்ணெயை மெல்லப் பூசி, புகையுமளவு காய்ச்சி, ஆறவிட்டு, மீண்டும் பூசினால், அவ்வெண்ணெயே இறுகிக் கருந்தோலாகப் படியும். கழுவிய கல்லை ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு.

மா கல்லோடு ஒட்டிக் கிடக்குமிடமே நன்றாகச் சிவக்கும். அதனால்தான் எங்கள் பெண்கள் துணிச் சுருளால் ரொட்டியை அங்கங்கே அழுத்துவர். இப்போது கடைகளில் பனினி பிரஸ் என்று ஒன்று விற்கிறார்கள். வரிவரியான வார்ப்பிரும்புத் தட்டும், அதன்மேல் வைக்கும் பாரமான இரும்பு மூடியும் கொண்டது. இத்தாலியர் பாணுக்குள் பாற்கட்டியும் பிறவும் வைத்து அழுத்திச் சுடும் முறைக்கானது. மூடியையும் தனியே காய்ச்சி வைத்தால் இருபுறமும் ஒருங்கே சிவக்கும். அத்தகைய ஒன்று எங்கள் இல்லத்துக்கு வந்தபோது என் துணைவியார் மூடியை ஓரமாக வைத்துவிட்டுத் தட்டில் தேங்காய் ரொட்டி சுட்டார். வரி விழுந்த ரொட்டி, சுவையில் குறையில்லை.

யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. 1966 டிசம்பரில் பங்கீட்டு அரிசி பாதியாக்கப்பட்டபோது அதன் தேவை மேலும் வளர்ந்தது. பின்னர் 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏற, இங்கே அந்த மாவும் தட்டுப்பட்டது. 1948இல் குடியுரிமையை இழந்திருந்த மக்களுக்கு, கைப்பிடி வயலும் இல்லாத மக்களுக்கு, வேறு போக்கிடம் இல்லை. தோட்டங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. தோட்டத்தை விட்டுப் பட்டண வீதிகளில் கையேந்தியோர் பலர். நான் அப்போது நடை பயிலும் குழந்தை. என் தாயார் அந்நாட்களைப் பற்றி விரித்துப் பேசியதே இல்லை. "கல்லு காயாத நாளு" என்பார்; அவ்வளவுதான். நாடு அப்பசியைப் பற்றிப் பேசியிருப்பதும் அவர் பேசியதைவிட அதிகமன்று என்பது என் எண்ணம்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்கானபோது, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளில் இரண்டு ரொட்டி ஒன்றானதை நானே கண்டேன். ஒரு சிறுமி, தன் ஒன்றில் பாதியைத் தம்பிக்கென்று மடித்து வைத்தாள்.

எங்கள் பாட்டியாரின் கல் இன்னும் வீட்டில் இருக்கிறது. எப்போதோ கீழே விழுந்து ஓரம் உடைந்தது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். வாங்கிய ஆண்டு எவருக்கும் நினைவில்லை. மழைக்காலத்தில் வாரந்தோறும் எண்ணெய் பூசிக் காய்ச்சி வைக்கிறோம்.