பதினாறு ஆண்டுகள் காத்திருந்த வைத்தியர்: ஸ்டோரி மஸ்கிரேவின் விண்வெளிப் பயணங்கள்

1993 டிசெம்பர் மாதத்தின் முற்பகுதியில், பூமிக்கு ஏறத்தாழ 590 கிலோமீற்றர் உயரத்தில், கதவொன்று மூட மறுத்தது. ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் திசையை நிலைநிறுத்தும் சுழற்கருவிகள் வைக்கப்பட்டிருந்த அறையின் இரட்டைக் கதவு அது. பழுதடைந்த கருவிகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்திய பின்னர் கதவுகளை மூட முற்பட்டபோது தாழ்ப்பாள்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வெயிலிலும் நிழலிலும் மாறி மாறிக் கிடந்த உலோகம் சற்றே உருக்குலைந்திருந்தது. கதவை அப்படியே விட்டுவந்தால் ஒளி உட்புகுந்து தொலைகாட்டியையே பயனற்றதாக்கிவிடும். பலவந்தமாகத் தள்ளினால் முறிந்துவிடலாம். பொருட்களை இறுக்கிக் கட்டுவதற்கென எடுத்துச் சென்ற வார்ப்பட்டைச் சாதனத்தைக் கதவுகளின் குறுக்கே பூட்டிச் சிறிது சிறிதாக இழுத்து நெருக்கலாம் என அங்கிருந்த ஒருவர் யோசனை கூறினார். சகாவான ஜெப்ரி ஹொஃப்மன் மேல் தாழ்ப்பாளைக் கவனிக்க, அவர் கீழ்ப்பகுதியைக் கவனித்தார். கதவு மூடிக்கொண்டது. அன்றைய விண்நடை ஏறத்தாழ எட்டு மணித்தியாலங்கள் நீடித்தது.

யோசனை கூறியவருக்கு அப்போது வயது 58. தொழிலால் அவர் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். பெயர் ஸ்டோரி மஸ்கிரேவ்.

விண்வெளிக்குச் சென்ற முதலாவது வைத்தியர் இவரல்லர். அந்தப் பெருமை 1964 ஒக்டோபரில் வொஸ்கோட்-1 விண்கலத்தில் சென்ற சோவியத் வைத்தியர் பொரிஸ் யெகோரொவைச் சேரும். அமெரிக்கர்களுள் முதல்வர் 1973 இல் ஸ்கைலாப் நிலையத்திற்குச் சென்ற ஜோசப் கேர்வின். எனினும் மஸ்கிரேவைப் போல இத்தனை துறைகளில் கால்பதித்து, இவ்வளவு காலம் பொறுத்திருந்து, இறுதியில் கற்றவை அனைத்தையும் ஒரே பணியில் பயன்படுத்தும் வாய்ப்பைப் பெற்ற இன்னொருவரைக் காண்பது அரிது.

1935 ஓகஸ்டில் பொஸ்டன் நகரில் பிறந்த மஸ்கிரேவ், மசசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்டொக்பிரிஜ் என்னும் இடத்திலிருந்த பாற்பண்ணையொன்றில் வளர்ந்தார். பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதில் சிறுவயதிலேயே கைதேர்ந்தவர். பள்ளிப் படிப்பை அவர் நிறைவு செய்யவில்லை. சான்றிதழ் இன்றியே பள்ளியை விட்டு வெளியேறி, 1953 இல் மரைன் படையில் சேர்ந்தார். கொரியா, ஜப்பான், ஹவாய் ஆகிய இடங்களிலும் வொஸ்ப் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலும் விமானங்களின் மின்னமைப்புகளையும் கருவிகளையும் பராமரிப்பதே அவரது பணி. பரீட்சைப் பெறுபேறுகளே ஒருவரது எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன என நம்பிப் பழகிய எமக்கு இதன் பின்னர் நிகழ்ந்தவை சற்று வியப்பளிக்கவே செய்யும்.

படையிலிருந்து திரும்பியவர் 1958 இல் சிரகியூஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்திலும் புள்ளிவிபரவியலிலும் பட்டம் பெற்றார். சிறிது காலம் கொடாக் நிறுவனத்தில் கணிதவியலாளராகப் பணிபுரிந்தார். 1959 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் வணிக நிர்வாக முதுமாணிப் பட்டம் கிடைத்தது. அங்கு அவர் கற்றவற்றுள் கணினி நிரலாக்கமும் ஒன்று. கணினி மீதான ஆர்வம் மனித மூளையின் பக்கம் திரும்பியது. மூளையை அறிய மருத்துவம் வேண்டும், மருத்துவ பீடத்தில் நுழைய இரசாயனவியல் வேண்டும். 1960 இல் மரியெட்டா கல்லூரியில் இரசாயனவியல் பட்டத்தையும், 1964 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்தையும் பெற்றார். கென்டக்கிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் சத்திரசிகிச்சைப் பயிற்சியை முடித்த கையோடு, 1966 இல் உடற்றொழிலியலிலும் உயிர்ப்பௌதிகவியலிலும் முதுமாணியானார். பட்டங்களைச் சேர்ப்பதில் ஆசை கொண்டவர் என்று இவரை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் ஒவ்வொரு படிப்பும் அதற்கு முந்திய படிப்பு எழுப்பிய கேள்வியிலிருந்து பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அக்காலத்தில் நாசா தனது விண்வெளி வீரர்களைப் பெரும்பாலும் பரீட்சார்த்த விமானிகளிலிருந்தே தெரிவு செய்து வந்தது. விஞ்ஞானிகளையும் வைத்தியர்களையும் சேர்க்கும் முயற்சி 1965 இல் ஆரம்பமானது. இரண்டாவது தொகுதிக்கு 1967 ஓகஸ்டில் பதினொருவர் தெரிவாகினர். மஸ்கிரேவ் அவர்களுள் ஒருவர். ஆனால் அப்பொல்லோ திட்டத்திற்கான நிதி அப்போதே குறைக்கப்படத் தொடங்கியிருந்தது. விண்வெளி வீரர்களுக்குப் பொறுப்பாக இருந்த டீக் ஸ்லேற்றன், உங்களுக்கு இங்கு அவசியம் இல்லை, பறக்கும் வாய்ப்பும் அரிது என்ற செய்தியை அவர்களிடம் ஒளிவுமறைவின்றித் தெரிவித்தார். அக்குழுவினர் தமக்குத் தாமே 'எக்ஸ்எஸ்-11' எனப் பெயர் சூட்டிக்கொண்டனர். ஆங்கிலத்தில் அதை உரக்க உச்சரித்தால் 'மிகையான பதினொருவர்' என்று பொருள்படும்.

அக்குழுவின் பின்னைய வரலாறு காத்திருப்பு மனிதரை என்ன செய்யும் என்பதைக் காட்டுகிறது. வானியலாளரான பிரையன் ஓ'லியரி அடுத்த ஆண்டே விலகினார். வைத்தியரான டொனால்ட் ஹோம்க்விஸ்ற் சில ஆண்டுகள் பொறுத்திருந்து 1973 இல் வெளியேறினார். பின்னாளில் அவர் சட்டமும் பயின்றார். மற்றொரு வைத்தியரான வில்லியம் தோர்ன்டன் 1983 வரை காத்திருந்து பறந்தார். பதினொருவரில் நால்வர் விண்ணைக் காணாமலே விலகிச் செல்ல, எழுவர் மாத்திரமே பயணம் செய்தனர்.

மஸ்கிரேவ் காத்திருந்தது ஏறத்தாழ 16 ஆண்டுகள். அந்தக் காலத்தை அவர் எவ்வாறு கழித்தார் என்பதே அவரது வாழ்க்கையின் மிகச் சுவையான பகுதி என்பது எமது கருத்து. 1967 முதல் 1989 வரை, விண்வெளிப் பயிற்சிக்கு மத்தியிலும், டென்வர் பொது வைத்தியசாலையில் பகுதிநேரச் சத்திரசிகிச்சை வைத்தியராகக் கடமையாற்றினார். விபத்துகளில் காயமுற்றோரைக் காப்பது அங்கு அவரது பணி. அதே வேளையில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் பேராசிரியராக உடற்றொழிலியல் கற்பித்தார். ஸ்கைலாப் முதற் குழுவில் கேர்வினுக்கு மாற்றாளாக நியமிக்கப்பட்டும் பறக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஆனால் நாசா அவரிடம் ஒப்படைத்த இன்னொரு பணி பின்னர் பெரும் பயனளித்தது. விண்ணோடங்களுக்கான விண்வெளி உடை, காற்றடைப்பறை, விண்நடைக் கருவிகள் ஆகியவற்றின் வடிவமைப்பில் அவர் ஈடுபட்டார்.

இது பொறியியலாளருக்கு உரிய வேலையாகத் தோன்றலாம். உண்மையில் இங்கு உடற்றொழிலியலின் பங்கு பெரிது. விண்வெளி உடையினுள் இருக்கும் அமுக்கம் கடல்மட்ட வளிமண்டல அமுக்கத்தின் மூன்றிலொரு பங்களவே. அதற்குமேல் கூட்டினால் உடை ஊதிய பலூனைப்போல் விறைத்து, விரல்களை மடக்கவும் இயலாது. குறைந்த அமுக்கத்திற்குத் திடீரென மாறினாலோ இரத்தத்தில் கரைந்துள்ள நைதரசன் குமிழிகளாக வெளிப்பட்டு, சுழியோடிகளைத் தாக்குவது போன்ற கடும் நோயை உண்டாக்கும். ஆகவே உடையை அணிந்து வெளியே செல்வதற்கு முன்னர் சில மணித்தியாலங்கள் தூய ஒட்சிசனைச் சுவாசித்து நைதரசனை வெளியேற்ற வேண்டும். இவை அனைத்தையும் ஒருசேர விளங்கிக்கொள்ள, இயந்திரமும் உடலும் அறிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

விண்ணோடத்திலிருந்து முதலாவது விண்நடையை மேற்கொள்ளும் வாய்ப்பு முதலில் அவருக்கு வழங்கப்படவில்லை. 1982 நவம்பரில் அவரது குழுவைச் சேர்ந்த ஜோசப் அலனும் வில்லியம் லெனொயரும் வெளியேறவிருந்தனர். ஆனால் அவர்களது உடைகளில் கோளாறு ஏற்பட்டமையால் அது கைவிடப்பட்டது. 1983 ஏப்ரலில் சலஞ்சர் விண்ணோடத்தின் கன்னிப் பயணத்தில் மஸ்கிரேவும் டொனால்ட் பீற்றர்சனும் வெளியே சென்றனர். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்கர்கள் மேற்கொண்ட முதலாவது விண்நடை அது. தான் உருவாக்க உதவிய உடையை அணிந்தே அவர் அன்று வெளியேறினார்.

1985 ஜூலையில் இரண்டாவது பயணம். புறப்பட்டு ஆறு நிமிடங்கள்கூட ஆகாத நிலையில் சலஞ்சரின் மூன்று பிரதான இயந்திரங்களில் ஒன்று நின்றுபோனது. திட்டமிட்டதைவிடத் தாழ்ந்த ஒரு சுற்றுப்பாதையில் விண்ணோடம் ஒருவாறு நிலைகொண்டது. விண்ணோட வரலாற்றில் இத்தகைய நிகழ்வு வேறெப்போதும் இடம்பெற்றதில்லை. அன்று விமானிகளுக்குத் துணையாக இயந்திரத் தொகுதிகளைக் கண்காணித்தவர் மஸ்கிரேவ். 1989 இலும் 1991 இலும் மேற்கொண்ட பயணங்கள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரியவை. இவற்றுக்கு இடையே, 1987 இல், இலக்கியத்தில் முதுமாணிப் பட்டமொன்றையும் பெற்றுக்கொண்டார். அது அவரது ஆறாவது பட்டம்.

இனி ஹபிள் விவகாரத்திற்கு வருவோம். 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட அத்தொலைகாட்டிக்குச் செலவானது ஏறத்தாழ 150 கோடி டொலர். 2.4 மீற்றர் விட்டமுடைய அதன் பிரதான ஆடியின் விளிம்பு, மனித மயிரின் தடிப்பில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்களவு பிழையாகத் தீட்டப்பட்டிருந்தது. படங்கள் மங்கலாகின. நாசா கேலிப்பொருளானது. 1993 ஜூனில் விண்வெளி நிலையத் திட்டத்தைக் கைவிட வேண்டுமென்ற பிரேரணை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. ஓகஸ்டில் செவ்வாய்க் கிரகத்தை அண்மித்த மார்ஸ் ஒப்சேவர் ஆய்வுகலம் தொடர்பற்றுப் போனது. ஹபிளின் திருத்தமும் தோல்வியடைந்திருப்பின் அந்நிறுவனத்தின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அத்தகைய வேளையில், கருவிகளைச் சோதிக்கும் பொருட்டு கடுங்குளிரூட்டப்பட்ட வெற்றிட அறையில் பணியாற்றிய மஸ்கிரேவின் விரல்களை உறைபனிக்கடி தாக்கியது. பயணத்திற்கு இருந்ததோ சில மாதங்கள். சத்திரசிகிச்சை வைத்தியருக்கும் விண்நடை வீரருக்கும் விரல்களே மூலதனம். அவை குணமடைந்தன. டிசெம்பர் 2 இல் எண்டெவர் விண்ணோடம் எழுவருடன் புறப்பட்டது. ஐந்து நாட்களில் ஐந்து விண்நடைகள். முதலாம், மூன்றாம், ஐந்தாம் நடைகளை மஸ்கிரேவும் ஹொஃப்மனும் மேற்கொள்ள, ஏனைய இரண்டையும் கத்தரின் தோர்ன்டனும் தொமஸ் ஏக்கர்ஸும் மேற்கொண்டனர். மஸ்கிரேவ் வெளியே கழித்த நேரம் மாத்திரம் 22 மணித்தியாலங்கள். 1994 ஜனவரியில் நாசா வெளியிட்ட புதிய படங்கள் கூர்மையாக இருந்தன. பிரபஞ்சத்தின் வயது குறித்தும் அதன் விரிவு குறித்தும் ஹபிள் பின்னர் அளித்த முடிவுகள் யாவும் அத்திருத்தத்தின் பின்னர் சாத்தியமானவையே.

1996 நவம்பரில் கொலம்பியாவில் ஆறாவது பயணம். அதுவரை விண்வெளிக்குச் சென்றவர்களில் மிக மூத்தவர் என்ற பெயர் 61 வயதான அவருக்குக் கிடைத்தது. 1998 இல் 77 வயதான ஜோன் கிளென் அதனை முறியடித்தார். ஆயினும் கொலம்பியா, சலஞ்சர், டிஸ்கவரி, அட்லாண்டிஸ், எண்டெவர் ஆகிய ஐந்து விண்ணோடங்களிலும் பறந்த ஒரே மனிதர் என்ற சாதனை, விண்ணோடச் சேவை 2011 இல் முடிவுற்றபோதும் அவரிடமே இருந்தது. அந்த இறுதிப் பயணத்தில், கொலம்பியா வளிமண்டலத்தினுள் மீள நுழைந்த வேளையில், ஏனையோர் ஆசனங்களில் கட்டுண்டிருக்க, மஸ்கிரேவ் விமானிகள் அறையில் எழுந்து நின்றார். கூரைச் சாளரங்களுக்கு வெளியே தணலாய்ச் சுடர்ந்த வாயுவை அவர் கமெராவில் பதிவு செய்தார். ஈர்ப்பு மீண்டும் உடலை அழுத்தும் அந்தத் தருணத்தில், 17 நாட்கள் எடையின்றி இருந்த ஒருவர் நின்றுகொண்டிருப்பது எத்துணைக் கடினம் என்பதை வைத்தியரான அவர் நன்கறிவார்.

1997 ஓகஸ்டில், 30 ஆண்டுச் சேவையின் பின்னர், நாசாவிலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பின்னர் சிற்பப் பணி நிறுவனமொன்றையும், சிட்னி நகரில் தயாரிப்பு நிறுவனமொன்றையும் நடத்தினார். கலிபோர்னியாவின் பசடீனாவிலுள்ள கலைக் கல்லூரியொன்றில் வடிவமைப்புத் துறைப் பேராசிரியராகக் கற்பித்தார். நிலத்தோற்றக் கலையிலும் ஈடுபட்டார். புளோரிடாவில் அவர் வளர்த்தது பனைக் குடும்பத்து மரங்களை. பாற்பண்ணையில் தொடங்கியவர் மீண்டும் மண்ணுக்கே வந்து சேர்ந்திருந்தார்.