முதுமையில் நரம்பணுக் குறைவு

வயது ஏற ஏற மனித மூளையின் நரம்பணுக்கள் எண்ணிக்கையில் அருகிவருதல். சருமத்தின் அணுக்களைப் போலன்றி, இவை மடிந்த இடத்தில் மீண்டும் தோன்றுவதில்லை என்பது பொதுவிதியாகையால், மூப்பு என்றாலே மூளை நாள்தோறும் கரைந்துபோதல்தான் என்ற பீதி ஜனங்களிடையே நெடுங்காலம் நிலவிவந்தது.

அப்பீதிக்குப் பெரிதும் ஆதாரமாக விளங்கியது, அமெரிக்க உடற்கூற்று நிபுணர் ஹெரால்டு பிராடி 1955இல் வெளியிட்ட ஆராய்ச்சியாகும். சிசு முதல் தொண்டு கிழவர் வரை பலருடைய மூளைகளை மெல்லிய சீவல்களாக அரிந்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணிய அவர், பெருமூளைப் புறணியில் பெருங்குறைவு கண்டார். எண்ணியவர் சிரத்தை மிக்கவரே. முறைதான் அவரை ஏமாற்றிவிட்டது. மூளையைப் பதப்படுத்தும்போது முதியோருடையதைவிட இளையோருடையது மிகுதியாகச் சுருங்குவதையும், அதனால் இளம் மூளையில் அணுக்கள் நெருங்கி நின்று எண்ணிக்கை மிகுந்தாற்போல மயக்குவதையும் ஜெர்மானிய விஞ்ஞானி ஹௌக் பின்னர் எடுத்துக்காட்டினார்.

அடுத்தடுத்த இரு சீவல்களை ஒப்பிட்டு, ஒவ்வோர் அணுவையும் ஒருமுறை மட்டுமே எண்ணும் 'டைசெக்டர்' முறை 1984இல் வந்தது. அம்முறையைக் கையாண்டு டென்மார்க்கின் பாக்கன்பெர்க்கும் குண்டர்சனும் 1997இல் வெளியிட்ட கணக்கின்படி, 20 வயதிலிருந்து 90 வயதுக்குள் புறணி இழப்பது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. நாளொன்றுக்குச் சுமார் 85,000 அணுக்கள் என்று மட்டும் சொன்னால் கேட்பவர் நெஞ்சு திடுக்கிடும். மொத்த இருப்பு 2,000 கோடியை ஒட்டியது என்பதையும் உடன் சொல்வதே நேர்மையாகும்.

முதியோர் மூளையின் எடை குறைவது மெய்யே. ஆயினும் அணுக்கள் மடிவதைவிட அவை சிறுத்துப்போவதும், கிளைகள் சுருங்குவதும், வெண்பொருளின் நரம்பிழைகள் தேய்வதும் அதற்குப் பெருங்காரணங்களாம்.

இழப்பு எல்லாப் பகுதிகளிலும் ஒரே சீராக நிகழ்வதுமில்லை. நடுமூளையிலுள்ள கரும்பொருளில் சுகதேகிகளுக்கும் பத்தாண்டுக்குச் சுமார் 5 சதவீதம் குறைகிறது. பார்க்கின்சன் வியாதியிலோ அக்குறைவு மிகக் கடுமையானது. ஞாபகத்துக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில், இயல்பான மூப்பில் காணப்படாத பெருநாசம் அல்ஸைமர் வியாதியில் நேர்வதை 1994இல் வெஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் கண்டனர். ஆதலின் வீட்டுப் பெரியவர் பழகிய வழியையும் பெற்ற மக்களின் பெயரையும் மறக்கத் தொடங்கினால், வயதின் மீது பழிபோட்டுச் சும்மா இராமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே தகும்.