பழுதுபார்த்த தோல் சோஃபா முன்பைவிட மோசமாகத் தெரிகிறதா? இன்னொரு கோட் பூசும் முன் இதைப் படிங்க

சோஃபாவில் ஒரு கீறல். பூனை நகமாக இருக்கலாம், பாக்கெட்டில் இருந்த சாவியாக இருக்கலாம். தீபாவளிக்கு விருந்தினர் வர்றதுக்குள்ள சரிபண்ணிடலாம்னு ஆளைக் கூப்பிட்டீங்க. அவரும் வந்தார், கீறலை நிரப்பினார், வண்ணம் பூசினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். இப்போது கீறல் இல்லை. அந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பளபளவென்று ஒரு திட்டு. கீறலே தேவலாம் போலிருக்கு!

அவசரப்பட்டுக் கை வைக்காதீங்க. பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது தோல் இல்லை. அதன்மேல் இருக்கும் மெல்லிய வண்ணப் படலம்தான். அதை அகற்றிவிட்டுத் திரும்பப் பூச முடியும். ஆனால் தவறான படலத்தின்மேல் இன்னொரு படலத்தை ஏற்றினால் பூச்சு தடித்துவிடும். தோலின் நுண்வரிகள் மறைந்துபோகும். உட்கார்ந்து எழும்போதெல்லாம் அந்த இடம் மடங்கி, கடைசியில் வெடிக்கும். அதற்குப் பிறகு யார் வந்தாலும் வேலை இரட்டிப்பு, செலவும்தான்.

முதலில், அது உண்மையிலேயே தோலா?

இருக்கை மெத்தையின் ஜிப்பைத் திறந்து பொருளின் உள்பக்கத்தைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் அது பெரும்பாலும் செயற்கைத் தோல். பியு என்று கடைகளில் சொல்வார்களே, அதுதான். நம் ஊர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். அந்த ஈரப்பதமே பியு படலத்தின் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக உடைத்துவிடும். செதில் செதிலாக உரியத் தொடங்கிய பியு சோஃபாவுக்கு எந்தப் பூச்சும் நிற்காது. பூசியவர் கைராசி சரியில்லை என்று அவரைத் திட்டிப் பயனில்லை. உறையை மாற்றுவதுதான் ஒரே வழி.

உள்பக்கம் சொரசொரப்பாக, நார் நாராக இருந்தால் தோல். அடுத்து, கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அப்படியே முத்தாக நின்றால் நிறமிப் பூச்சு உள்ள தோல். பெரும்பாலான வீடுகளில் இருப்பது இந்த வகைதான். இதைச் சரிசெய்வது சுலபம். உடனே உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் அது அனிலின் தோல். சாயம் உள்ளே ஊறியிருக்கும், மேலே படலம் இருக்காது. அதன்மேல் நிறமிப் பூச்சைப் பூசியிருந்தால் சுவரில் பெயிண்ட் அடித்த மாதிரிதான் தெரியும். முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.

நிறம் ஏன் ஒத்துப்போகவில்லை?

அதிகமான புகார் இதில்தான் வருகிறது. காரணம் பல நேரங்களில் வெளிச்சம். இரண்டு வண்ணங்கள் பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல இருந்துவிட்டு, இரவில் எல்இடி விளக்கின்கீழ் வேறுவேறாகத் தெரியலாம். வேலை நடந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. நீங்கள் சோஃபாவில் சாய்வது இரவு ஒன்பது மணிக்கு. ஆகவே சன்னல் பக்கம் ஒரு தடவை, வரவேற்பறை விளக்கின்கீழ் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இன்னொரு காரணம் அழுக்கு. சொல்லப்போனால் இது கொஞ்சம் வேடிக்கையானது. சோஃபாவைச் சுத்தம் செய்யாமலேயே வண்ணம் கலந்தால், கலந்தவர் அழுக்கின் நிறத்துக்குத்தான் பொருத்தம் பார்த்திருப்பார். அடுத்த மாதம் நீங்கள் நன்றாகத் துடைத்ததும் சுற்றிலும் வெளுத்துவிடும், ஒட்டு மட்டும் தனியாகத் தெரியும். அதேபோல, “தொழிற்சாலை நிறம்” என்று எண்ணைப் பார்த்து வாங்கிய வண்ணமும் பத்து வருஷம் வெயில்பட்டு வெளுத்த சோஃபாவுக்கு ஒத்துவராது.

அனுபவமுள்ளவர்கள் கீறலை மட்டும் பூசிவிட்டு நிறுத்த மாட்டார்கள். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை அந்தத் துண்டு முழுவதற்கும் மெல்லிய கோட் கொடுப்பார்கள். ஒரே பரப்பின் நடுவில் இருக்கும் சின்ன வித்தியாசம் கண்ணில் குத்தும். தையலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தால் அவ்வளவாகத் தெரியாது. உங்கள் சோஃபாவில் திட்டு மட்டும் பூசப்பட்டிருந்தால், “துண்டு முழுக்கப் பூசித் தர முடியுமா?” என்று கேளுங்கள்.

பளபளப்பு, பிசுபிசுப்பு, உரிதல்

நிறம் சரி, பளபளப்பு மட்டும் தப்பு என்றால் கவலை வேண்டாம். கடைசியாகப் பூசும் நிறமற்ற மேற்பூச்சு மங்கலானது, நடுத்தரமானது, பளபளப்பானது என்று வெவ்வேறு தரத்தில் கிடைக்கிறது. மங்கலான மேற்பூச்சை ஒரு மெல்லிய கோட் கொடுத்தால் போதும். பூச்சு ஏற்கெனவே தடித்துப்போகாமல் இருந்தால் அது ஒரு மணி நேர வேலைதான்.

பிசுபிசுப்பு என்றால் சில நாள் பொறுங்கள். தண்ணீர் கலந்த பூச்சுகள் தொட்டால் காய்ந்தமாதிரி இருந்தாலும், முழுமையாக இறுகச் சில நாள் பிடிக்கும். மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். மின்விசிறியைப் போடுங்கள், முடிந்தால் குளிரூட்டியை ‘டிரை’ முறையில் வையுங்கள். ஒரு வாரம் கழித்தும் ஒட்டுகிறதென்றால் கலவையில் கோளாறு. அகற்றித்தான் ஆகவேண்டும்.

வெள்ளைத் துணியை லேசாக நனைத்துப் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்ணம் ஏறினால் மேற்பூச்சே போடவில்லை, அல்லது அதை இறுக்கும் கிராஸ்லிங்கர் திரவத்தைச் சேர்க்கவில்லை. இன்றைக்குத் துணியில் ஒட்டுவது நாளைக்கு உங்கள் வெள்ளைச் சட்டையில் ஒட்டும்.

நகத்தால் சுரண்டினால் தாள்போல உரிகிறதா? அப்படியானால் பூசுவதற்கு முன்பு எண்ணெய்ப்பசையை எடுக்கவில்லை. தலை சாயும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். நம் வீடுகளில் கேட்கவே வேண்டாம், வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெய் தோலுக்குள் இறங்கியிருக்கும். அதை இழுத்தெடுக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் உரியும்.

இவற்றில் எதற்கும் நகப்பூச்சு அகற்றும் திரவம் மருந்தல்ல. அது புதிய பூச்சோடு தொழிற்சாலைப் பூச்சையும் கரைத்துவிடும். ஷூ பாலிஷ், ஆலிவ் எண்ணெய் இரண்டும் வேண்டாம். அடுத்து வருபவரின் பூச்சு ஒட்டாமல் போவதற்கு அவையே காரணமாகிவிடும்.

கொடுத்த பணம்?

இன்றே செய்யவேண்டியது: பகலிலும் இரவிலும் படம் எடுங்கள். வேலைக்கு முன் எடுத்த படம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீங்க. நீங்களே சுரண்டிப் பார்த்துவிட்டால், “நீங்கதான் கெடுத்தீங்க” என்று அவர் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

பிறகு எழுத்தில் கேளுங்கள். கோபமாக வேண்டாம், குறிப்பாகக் கேளுங்கள். “சரியில்லை” என்று பொதுவாகச் சொல்வதைவிட “விளக்கு வெளிச்சத்தில் திட்டாகத் தெரிகிறது, ஈரத்துணியில் வண்ணம் ஏறுகிறது, இந்தத் தேதிக்குள் திருத்தித் தாருங்கள்” என்பது வேலை செய்யும். திருத்த ஒரு வாய்ப்புக் கொடுப்பது நியாயம். பின்னால் புகார் செய்தால் அதுவே உங்களுக்குப் பலம்.

இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்கவேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ‘லெமன்’ சட்டம் வாங்கிய பொருள்களுக்கானது. தனியாக ஒருவரை அழைத்துச் செய்த பழுதுபார்ப்புச் சேவைக்கு அது பொருந்தாது. ஆனால் புதிதாக வாங்கிய சோஃபாவில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்து, கடையே ஆள் அனுப்பிப் பூசி, அதுவும் சொதப்பல் என்றால் கதை வேறு. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய சிரமம் இல்லாமல் சரிசெய்து தரவில்லையென்றால் விலைக்குறைப்போ பணத்தைத் திரும்பத் தரும்படியோ கேட்கலாம்.

தனி ஆள் செய்த வேலையா? பயனீட்டாளர் சங்கமான கேஸ் அமைப்பிடம் உதவி கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளிவரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். 5,000 வெள்ளிவரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் மனுக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது, எதிர்த்தரப்புக்கும் அப்படித்தான். இணையத்திலேயே மனுச் செய்யலாம். வண்ணம் ஏறிய அந்த வெள்ளைத் துணியையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.