குழாயாக இருந்த கப்பல்

சிகாகோவின் பெரிய கால்நடைச் சந்தையை நடத்திய நிறுவனத்தின் தலைவர் வில்லியம் உட் பிரின்ஸுக்கு 1950களின் தொடக்கத்தில் ஒரு மனக்குறை இருந்தது. வாங்கும் எரிவாயுவின் விலை கட்டுப்படியாகவில்லை. தெற்கே லூசியானாவிலோ எரிவாயு கொட்டிக் கிடந்தது. அதைக் குளிர்வித்துத் திரவமாக்கி, மிசிசிப்பி ஆற்று வழியே படகில் கொண்டுவந்தால் என்ன என்று அவர் கணக்குப் போட்டார். எரிபொருளுக்கு எரிபொருளும் ஆச்சு, இறைச்சியைப் பதப்படுத்தக் குளிருக்குக் குளிரும் ஆச்சு! படகுத் திட்டம் கரைசேரவில்லை. அதற்காகச் செய்த ஆராய்ச்சி மட்டும் கடலுக்குப் போனது.

மீத்தேனை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் 600 பங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்த வாயு ஒரு பங்குக்குள் திரவமாக அடங்கிவிடும். சிக்கல், அதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்பதில்தான். அந்தக் குளிரில் சாதாரண எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். 1944 அக்டோபர் 20 அன்று கிளீவ்லாந்தில் ஒரு தொட்டி உடைந்து, திரவம் சாக்கடைகளுக்குள் ஓடித் தீப்பற்றியதில் சுமார் 130 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் இந்தத் தொழிலின் பக்கம் யாரும் துணிந்து போகவில்லை. அதனால்தான் போர்க்காலச் சரக்குக் கப்பல் ஒன்றை வாங்கி மாற்றியமைத்தபோது, உள்ளே ஐந்து அலுமினியத் தொட்டிகளை வைத்து, சுற்றிலும் பால்சா மரத்தை அடைத்தார்கள். பொம்மை விமானம் செய்யும் அதே லேசான மரம்தான்.

‘மீத்தேன் பயனியர்’ என்று பெயர் மாறிய அந்தக் கப்பல் 5,000 கன மீட்டர் திரவத்தோடு லூசியானாவின் லேக் சார்ல்ஸில் புறப்பட்டு, குளிர்கால அட்லாண்டிக்கைக் கடந்து, 1959 பிப்ரவரி 20 அன்று தேம்ஸ் முகத்துவாரத்தில் உள்ள கான்வி தீவை அடைந்தது. 1952ஆம் ஆண்டின் கொடிய புகைமூட்டத்தை லண்டன் மறந்திருக்கவில்லை. நிலக்கரிப் புகைக்கு மாற்று வேண்டியிருந்தது. 1964இல் அல்ஜீரியாவின் அர்சேவிலிருந்து அதே தீவுக்குக் கப்பல்கள் முறையாக ஓடத் தொடங்கின.

வியாபாரம் என்றுதான் பெயர். உண்மையில் அது கடல்மேல் போட்ட குழாய். 1969இல் அலாஸ்காவிலிருந்தும், பிறகு புரூணை, அபுதாபி, இந்தோனேசியாவிலிருந்தும் வாங்கத் தொடங்கிய ஜப்பான் அந்த ஏற்பாட்டுக்கு இலக்கணமே வகுத்தது. 20 ஆண்டு ஒப்பந்தம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். விலை கச்சா எண்ணெயைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சரக்கு ஒப்பந்தத்தில் எழுதிய துறைமுகத்தில்தான் இறங்க வேண்டும். வாங்கியவர் வேறு யாருக்கும் விற்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்க உரிமையில்லை என்றால் அதைச் சந்தைப் பொருள் என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. திரவமாக்கும் ஆலை, கப்பல்கள், இறக்கும் முனையம் எல்லாம் சேர்ந்தால் பல நூறு கோடி டாலர். வாங்க ஆள் எழுதிக் கொடுக்காமல் எந்த வங்கியும் கடன் தராது. சரக்கின் குணமும் அப்படி. விலை ஏறட்டும் என்று நெல்லைக் குதிரில் போட்டு வைக்கலாம். இதை வைக்க முடியாது. எவ்வளவு காப்பிட்டாலும் தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியைத்தான் கப்பல் தன் எரிபொருளாக எரிக்கிறது. சரக்கை இறக்கிய பிறகும், திரும்பும் வழியில் தொட்டி சூடாகாமலிருக்க அடியில் கொஞ்சம் திரவத்தை விட்டுவைப்பார்கள்.

குழாய் ஏற்பாடும் முறிந்ததுண்டு. எரிவாயுவுக்குக் கச்சா எண்ணெயின் விலையே வேண்டும் என்று 1980இல் அல்ஜீரியா அடம்பிடித்தது; அமெரிக்க வாடிக்கையாளர் மறுத்தார்; கப்பல்கள் சும்மா நின்றன. புத்தம்புதிய கோவ் பாயின்ட் முனையமும் எல்பா தீவு முனையமும் மூடிக் கிடந்தன.

கட்டை அவிழ்த்ததும் அமெரிக்காதான், அதுவும் கணக்குத் தப்பிப்போனதால். உள்நாட்டு எரிவாயு தீரப்போகிறது என்று நம்பி, ஷெனியர் நிறுவனம் லூசியானாவின் சபைன் பாஸில் இறக்குமதி முனையம் கட்டி 2008இல் திறந்தது. அதே சமயத்தில் ஷேல் பாறையிலிருந்து எரிவாயு பீறிட்டது. இறக்குமதிக்கு வேலையில்லாமல் போனது. கடனில் மூழ்கிய நிறுவனம் முனையத்தையே ஏற்றுமதிக்குத் திருப்பியது. 2016 பிப்ரவரியில் முதல் கப்பல் பிரேசிலுக்குக் கிளம்பியது. விலைக் கணக்கு புதிது: அமெரிக்க உள்நாட்டுச் சந்தை விலையில் 115 சதவீதம், அதோடு ஆலைக்கு ஒரு நிலையான கூலி. சரக்கு வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூலியை மட்டும் கட்டலாம். எடுத்தால் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

ஜப்பானுக்கும் அதற்குள் பட்டறிவு வந்திருந்தது. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் அணு உலைகள் மூடப்பட, கிடைத்த விலைக்கு வாங்கினார்கள். 10 லட்சம் பி.டி.யு. வெப்பம் என்பதுதான் இந்தத் தொழிலின் மரக்கால். 2012இல் அமெரிக்காவில் ஒரு மரக்கால் 3 டாலருக்கும் குறைவு. ஜப்பான் கொடுத்தது 16 டாலருக்கு மேல். 2017இல் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம், சரக்கை வேறிடத்தில் விற்கக் கூடாது என்ற நிபந்தனை சட்டத்துக்கு முரணாகலாம் என்று அறிவித்தது. பால்சா மரத்துக்கு அடுத்தபடி இந்தத் தொழிலை மாற்றியது இந்த அறிக்கைதான் என்று சொல்லலாம்.

பிறகு சந்தை தன் முகத்தைக் காட்டியது. கொரோனா முடக்கத்தில், 2020 ஏப்ரலில், ஆசிய விலை 2 டாலருக்கும் கீழே போனது. நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சரக்குகளைக் கூலி மட்டும் கட்டிவிட்டு வேண்டாமென்றார்கள். 2021 டிசம்பரில் ஆசியாவை நோக்கிப் போன சில கப்பல்கள், ஐரோப்பாவில் விலை கூடுதல் என்று நடுக்கடலில் திரும்பின. கையில் காசு வாயில் தோசை என்பதுதான் உடனடிச் சந்தையின் விதி. விலை ஏறிக் கிடந்த 2022 ஜூலையில் பாகிஸ்தான் டெண்டர் விட்டபோது ஒருவர்கூட விலை சொல்லவில்லை. அங்கே மணிக்கணக்கில் மின்வெட்டு.

இன்று ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டன் கைமாறுகிறது. அதில் உடனடி, குறுகிய கால விற்பனை மூன்றில் ஒரு பங்கு. 2000இல் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி இன்னமும் ஒப்பந்தத்துக்குள்தான்.

இந்தியா இரண்டையும் பார்த்துவிட்டது. கத்தாரோடு போட்ட 25 ஆண்டு ஒப்பந்தத்தின்படி 2004இல் முதல் சரக்கு குஜராத்தின் தஹேஜுக்கு வந்தது. 2015இல் வெளிச்சந்தையில் விலை சரிந்தபோது பெட்ரோநெட் நிறுவனம் ஒப்பந்தச் சரக்கைக் குறைத்து எடுத்தது. சுமார் 12,000 கோடி ரூபாய் அபராதம் வந்திருக்க வேண்டும். பேசித் தள்ளுபடி வாங்கி, விலைச் சூத்திரத்தையும் மாற்றிக்கொண்டார்கள். 2022 விலையேற்றத்துக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில், அதே கத்தாரோடு ஆண்டுக்கு 75 லட்சம் டன்னுக்கு மறுபடி கையெழுத்தானது. 2028 முதல் 2048 வரை. பழைய ஒப்பந்தப்படி ‘திஷா’ போன்ற கப்பல்களை அமர்த்திப் போய் எடுத்துவருவது வாங்குபவர் பொறுப்பு. புது ஒப்பந்தப்படி விற்பவரே கப்பல் வைத்துத் தஹேஜ் வரை கொண்டுவந்து தர வேண்டும்.