இன்னும் கட்டாத வீட்டில் விழும் வெயில்

ஏதாவது ஒரு சொகுசு அபார்ட்மென்ட் விளம்பரத்தை மனசுல கொண்டு வாங்க. பளபளன்னு மார்பிள் தரை, அது மேல ஜன்னல் வெயில், சோஃபாவில் லேசா சாய்ஞ்ச ஒரு குஷன். ஆனா அந்த இடத்துல இப்போ இருக்கிறது ஒரு பள்ளமும் ரெண்டு ஜேசிபியும்தான். அங்கே எந்த ஃபோட்டோகிராஃபரும் போகல. அந்த வெயில், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரவழைச்ச வெயில். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதுதான் இன்றைய எபிசோடு.

கட்டாத கட்டடத்தைப் படமா காட்டுறது புதுசு இல்ல. சுமார் 200 வருஷத்துக்கு முன்னாடி, லண்டனில் ஜான் சோன் என்ற பெரிய கட்டடக் கலைஞர் இருந்தார். அவருடைய திட்டங்களை வாட்டர்கலரில் வரைந்து கொடுத்தவர் ஜோசப் கேண்டி. மேலேயிருந்து வெளிச்சம் இறங்கி ஒரு அறையை நிறைக்கிற மாதிரி வரைவதில் அவர் கில்லாடி. ஆனா வெளிச்சம் எங்கே விழணும்னு முடிவு செய்தது அவருடைய கண்ணும் தூரிகையும்தான்.

அந்த வேலையைக் கணக்கு எடுத்துக்கிட்டது 20ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1980இல், அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இருந்த டர்னர் விட்டெட் ரே ட்ரேசிங் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நம்ம கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்படுதுன்னு வைங்க. அது எதில் படுது, அங்கிருந்து எங்கே திரும்புது, கண்ணாடிக்குள்ள எப்படி வளையுதுன்னு ஒவ்வொரு பிக்சலுக்கும் பின்தொடர்ந்து போகணும். அவருடைய கண்ணாடி உருண்டைப் படம் ஒன்றுக்கு வேக்ஸ் கம்ப்யூட்டர் 74 நிமிஷம் எடுத்துக்கொண்டது.

கண்ணாடி, உலோகம் எல்லாம் இதில் அழகா வந்துச்சு. வீட்டு அறை மட்டும் சரியா வரல. ஏன்? அறையில் இருக்கிற வெளிச்சத்தில் பெரும்பங்கு விளக்கிலிருந்து நேரா வர்றதில்ல. சுவரில் பட்டு, தரையில் பட்டு, சீலிங்கில் பட்டு வருது. சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தா, வெள்ளையிலும் லேசா ஒரு சிவப்பு ஏறும். இதைக் கணக்கில் எடுக்காத அறைப் படம் செத்துப்போன மாதிரிதான் இருக்கும்.

இதுக்கு விடை கண்டது கார்னெல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கிரீன்பெர்க்கின் குழு. 1984இல் அவர்கள் கொண்டுவந்த முறையின் பேர் ரேடியாசிட்டி. எடுத்த இடம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்! சூடான பரப்புகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வெப்பத்தை வீசுதுன்னு கணக்கிட ஏற்கனவே சமன்பாடுகள் இருந்தன. வெப்பத்துக்குப் பதிலா வெளிச்சத்தை வைத்தார்கள். சுவரைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் மற்ற ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெளிச்சம் தருதுன்னு பார்த்தார்கள்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் வருது. கணக்கு சரியான்னு பார்க்க, அவர்கள் நிஜமாவே ஒரு பெட்டி செய்தார்கள். கார்னெல் பாக்ஸ்னு இன்னிக்கும் அதுக்குப் பேர். ஒரு சுவர் சிவப்பு, எதிர்ச்சுவர் நீலம். நிஜப் பெட்டியையும் கம்ப்யூட்டர் படத்தையும் ஒப்பிட்டார்கள். 1986இல் வெளியான அடுத்த ஆய்வில், இரண்டையும் கேமரா வழியாக ஆட்களுக்குக் காட்டினார்கள். எது நிஜம்னு அவர்களால் பிரிச்சுச் சொல்ல முடியல.

அதே 1986இல் ஜேம்ஸ் கஜியா, வெளிச்சத்தின் இந்த எல்லாப் போக்குவரத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். பல்கேரியாவின் சோஃபியா நகரில் பிறந்த வி-ரே மாதிரி இன்றைய இன்டீரியர் ரெண்டர் மென்பொருட்கள் அந்தச் சமன்பாட்டுக்குத்தான் விடை தேடுகின்றன. வேலை லேசுன்னு நினைக்காதீங்க. ஒரு நிமிஷ அனிமேஷன், நொடிக்கு 25 ஃப்ரேம்னா, 1500 படம். ஒரு ஃப்ரேமுக்கு 20 நிமிஷம்னு வைத்தால் 500 மணி நேரம். ஒரே மெஷின்ல ஓட்டினா மூணு வாரம். அதனாலதான் பல மெஷின்களை அடுக்கி ரெண்டர் ஃபார்ம் வைக்கிறாங்க.

ஆக, வெளிச்சத்தின் கணக்கு இன்னிக்கு நேர்மையானது. ஆனா கணக்குக்குள்ள என்ன போடணும்ங்கிறது மனுஷன் கையில் இருக்கு. பின்சுவரை எடுத்துட்டு கேமராவைச் சுவருக்கு வெளியே நிறுத்தலாம். வைட் லென்ஸ் போடலாம். கட்டிலைக் கொஞ்சம் சின்னதாக்கலாம். சூரியனை எந்தத் திசையிலும் வைக்கலாம். நம்ம ஊரில் வடக்குப் பார்த்த ஜன்னலில் டிசம்பர் வெயில் நேரா விழாது, படத்தில் விழும். பக்கத்து பில்டிங் இருக்கிற இடத்தில் தோப்பு நிற்கும்.

கார்னெல் குழுவுக்குப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. ஃப்ளாட் வாங்குறவங்களுக்கு அந்தப் பெட்டி கையெழுத்து போட்டு, லோன் எடுத்து, இஎம்ஐ கட்ட ஆரம்பிச்ச பிறகுதான் வரும். இந்த இடைவெளியைப் பற்றி இந்தியாவில் சட்டம் பேசுது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 12ஆம் பிரிவு: விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கட்டி, அதிலிருந்த தவறான தகவலால் நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். வேண்டாம்னு விலகினா, கட்டிய பணத்தை வட்டியோட திரும்பக் கேட்கலாம்.

அதனால பிரோஷரையும் வாக்த்ரூ வீடியோவையும் தேதியோட சேமிச்சு வைங்க. அப்புறம் ஃப்ளோர் பிளானை எடுத்து நீங்களே ஒரு கணக்குப் போடுங்க. பெட்ரூம் அகலம் 10 அடி, கட்டில் 5 அடி, வார்ட்ரோப் 2 அடி. நடக்க மிச்சம் 3 அடி. அதுக்கு ரெண்டர் ஃபார்ம் வேண்டாம், ஒரு டேப்பும் பென்சிலும் போதும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.